ஆவாரம்பட்டைத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் நைனா முகமது கடைசியாக வாய் நிறையச் சாப்பிட்டது சோறும் ஈரல் குழம்பும். தொட்டுக்கொள்ள அவரைக்காய் வெஞ்சனம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஏக்கா, இது ஈரலா, இல்ல எங்க ஷாப்புல இருந்து தோல வெட்டியாந்து போட்டியா? கடிக்க முடியல.”

ஜெய்தூன் பீவி அவருடைய அக்கா. எனக்கு மதினி. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். அடுப்புப் பக்கம் திரும்பியபடியே சொன்னார்: “கடிக்க மாட்டாதவன் எதுக்குடா மூணாந்தடவ கேக்குற? தட்ட இங்கிட்டுத் தள்ளு.”

அது விளையாட்டுப் பேச்சா, அப்போதே தாடை பிடிக்கத் தொடங்கியிருந்ததா என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். விளையாட்டுதான். அதற்குப் பிறகு ஒரு நல்லி எலும்பைக் கடித்து உறிஞ்சினாரே.

ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதம். பனி விலகி வெயில் பிடிக்கிற நேரம். திண்டுக்கல்லில் எங்கள் பக்கம் முழுக்கத் தோல் ஷாப்புகள். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அந்த வாடை இல்லாத ஊரில்தான் தூக்கம் வராது.

உப்புப் போட்டு வருகிற தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி மயிர் கழற்றி, ஒட்டியிருக்கிற சதையைக் கத்தியால் சீவி எடுப்பார்கள். அதன் பிறகு ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் போடுவார்கள். அவருக்குத் தொட்டிகளில்தான் வேலை. அந்தத் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும். ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் நாக்கு சுருண்டுகொள்ளும். அழுகிப் போகிற தோலை அழுகாமல் நிறுத்துவது அதுதான். அதனால் ஷாப்பில் யாருக்குக் கை கால் வெட்டுப்பட்டாலும் முதல் காரியம் அதைத் தொட்டிக்குள் விடுவது. பல்லைக் கடித்துக்கொண்டு எரிச்சலைப் பொறுத்தால், ரத்தம் நிற்கும். காயத்தின் வாய் இறுகி மூடும். சாயங்காலம் பார்த்தால் பதப்படுத்தின தோல் மாதிரிக் காய்ந்திருக்கும். சீழ் இருக்காது, வீக்கம் இருக்காது.

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்து வைத்திருந்தார். தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் வீடுதான் ஆஸ்பத்திரி. அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொண்ட பெண்கள் வருவார்கள். எதிர் வீட்டுப் பொம்மையன் பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். அரம் வழுக்கிக் கட்டைவிரல் கிழிந்தால் வேட்டி முனையில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்.

“நைனா, ஊத்து அப்பு. இந்தத் தடவ எலும்பே தெரியுது.”

“எலும்புமில்ல ஒண்ணுமில்ல. ஒன் பூட்டுக்கு ஒன் கையப் புடிக்கல. அம்புட்டுதான்” என்பார் இவர். பொம்மையன் அலறுவதற்குள் ஊற்றிவிடுவார். “செத்த தோலே இதுல கெடாம நிக்கிது. உசுரோட இருக்க தோலுக்கு என்ன வந்துச்சு?”

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம் அவருக்கே காலில் ஆணி குத்தியது. தோலை விரித்து ஆணியடித்துக் காயவைக்கிற பலகை ஒன்று களத்தில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. பார்க்காமல் மிதித்துவிட்டார். ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலுக்குள் போய்விட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு, காலைத் தொட்டியில் விட்டு எடுத்துவிட்டு, சாயங்காலம் வரை வேலையும் பார்த்திருக்கிறார். இரண்டே நாளில் அந்த இடம் ஒரு மிளகு அளவுக்குக் கறுத்து, இறுகி, மூடிக்கொண்டது. மதினி விரலால் அழுத்திப் பார்த்து, “டாக்டரு கட்டுப் போட்டாக்கூட இப்பிடி ஆறாது” என்றார். அக்காவும் தம்பியுமாகத் தெருவில் எல்லோருக்கும் காட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் தாடை பிடித்திருக்கிறது என்றார். கழுத்தையும் திருப்ப முடியவில்லை.

“ராத்திரி சன்னலத் தொறந்து போட்டுத் தூங்குனா பின்ன என்ன ஆகும்?” என்று மதினி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். காபியைப் பல்லிடுக்கில் உறிஞ்சிக் குடித்தார். இட்லியைப் பிட்டு வைத்துப் பார்த்தார், உள்ளே போகவில்லை.

“வேலைக்குப் போக வேணாங்க” என்றேன்.

“தாடைய வச்சா தோலத் தூக்கப் போறேன்? போய்ட்டு வாரேன்.”

மத்தியானத்துக்கு முன்னாலேயே தங்கமுத்து அவரை ஒரு ஒற்றை மாட்டு வண்டியில் வைத்துக் கூட்டிவந்தான். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். முழங்கை வரை வெள்ளையாக, அப்படியே வந்திருந்தான்.

“மன்னிச்சுக்கங்க தங்கச்சி. நான் அவரு வெளையாடுறாருன்னு நெனச்சேன்” என்றான். “தொட்டிக்கிட்ட நின்னு என்னையவே பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. நானும் சிரிச்சேன். ஷாப்புல அம்புட்டுப் பேரும் சிரிச்சோம். அப்பறந்தான் பாத்தோம், சிரிப்பு நிக்கவே இல்ல.”

வண்டியிலிருந்து இறக்கிப் பாயில் படுக்க வைத்தோம். வாயின் இரண்டு ஓரமும் பின்னுக்கு இழுத்திருந்தது. பல் வரிசை தெரிந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதையாவது சொல்லி எங்களைச் சிரிக்க வைக்கிற ஆள். அதனால்தான் ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை. எங்கள் மகள் நஜ்முன்னிசாவுக்கு அப்போது ஐந்து வயது. “அத்தா ஏம்மா சிரிக்கிறாங்க?” என்று கேட்டாள். அந்த நேரத்தில் வாசலில் மாடு மணியை ஆட்டியது. அவர் உடம்பு வில் மாதிரி வளைந்து மேலே எழும்பிற்று. தலையும் குதிகாலும்தான் பாயில் இருந்தன.

மதினி முதலில் ஓதிப் பார்க்கப் பள்ளிவாசல் ஹஜரத்தைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். ஹஜரத் வந்தார். வாசற்படியில் நின்று ஒரே ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, “ஓதுறத நான் பள்ளியில இருந்தே ஓதுறேன். நீங்க டாக்டரக் கூப்புடுங்க. நடந்து போகாதீங்க, ஓடுங்க” என்றார்.

தங்கமுத்து ஓடினான்.

டாக்டர் வயதானவர். கடைவீதியில் தனியாக வைத்தியம் பார்த்துவந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பெட்டியைத் தரையில் வைக்கும்போதுகூடச் சத்தம் வராமல் வைத்தார்.

“எங்கயாச்சும் குத்திக்கிட்டாரா? வெட்டுக் கிட்டு?”

“இல்லைங்க” என்றார் மதினி.

“போன வாரம் ஆணி” என்றேன் நான்.

“அதுதான் ஆறிப்போச்சே. பாருங்க டாக்டரு, எம்புட்டு அழகா ஆறியிருக்குன்னு.” மதினி அவருடைய உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார்.

டாக்டர் அந்த இடத்தை நகத்தால் லேசாகத் தட்டிப் பார்த்தார். தட்டியது பலகையில் தட்டின மாதிரி கேட்டது. “என்ன போட்டீங்க?”

சொன்னோம். தூக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டார். கை கால் தளர்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு என்னை விளக்கைப் பிடிக்கச் சொல்லி, அந்த மிளகு அளவு இடத்தைக் கத்தியால் நெடுகத் திறந்தார். மேலே இருந்தது தோல் ஷாப்பில் பதப்படுத்தின தோல்தான். அதற்குக் கீழே சதை சாம்பல் நிறமாக இருந்தது. அடியாழத்தில் செருப்புத் தோலின் துணுக்கு ஒன்று, ஆணியோடு உள்ளே போனது, அப்படியே கிடந்தது. இடுக்கியால் எடுத்து என் முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் வைத்தார்.

மதினிக்கு வாய் கோணிற்று. “பட்டத் தண்ணிதான டாக்டரு ஊத்துனோம். வேற ஒண்ணும் செய்யலையே.”

“தண்ணி மேல தப்பு இல்லம்மா. மேலாக்கக் கீறுனதுக்கு அது தாங்கும். இது ஆணி. வாய் சின்னது, ஆழம் பெருசு. மாட்டுச் சாணியும் மண்ணும் இருக்க எடத்துல கெடந்த ஆணி வேற. வாய அடச்சு வச்சா உள்ள காத்துப் போகாது. காத்து இல்லாத எடத்துலதான் இந்த ரணஜன்னி வெசம் வளரும்.” காயத்தைக் கழுவிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். “சோப்புப் போட்டுத் தண்ணிய ஓடவிட்டுக் கழுவியிருக்கணும். தொறந்தே விட்டிருக்கணும். அன்னைக்கே எங்கிட்ட வந்து ஊசி போட்டிருந்தா இன்னைக்கு வேலைக்குப் போயிருப்பாரு.”

“இப்ப அந்த ஊசி போட்டா?” என்றேன்.

“போடணும். எங்கிட்ட இருக்கது பத்தாது. மதுரையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்ட்ட இருக்கும். சீட்டுத் தாரேன். ஐஸ்ல வச்சுக் கொண்டாரணும்.”

“மதுரைக்கே தூக்கிட்டுப் போயிரலாமே” என்றான் தங்கமுத்து.

“வண்டி குலுங்குற குலுக்கல்ல வாடிப்பட்டி தாண்ட மாட்டாரு. எடம் மாத்த வேணாம். அறைய இருட்டா வைங்க. சத்தம் வரக் கூடாது, வெளிச்சம் வரக் கூடாது, தேவையில்லாம யாரும் தொடக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சு நிக்கிது, பாத்தீங்கள்ல? இழுப்பு கொறஞ்சா பொழைக்க வழி இருக்கு. அவரக் காப்பாத்துறது பாதி எங்கையில, பாதி இந்தத் தெருவு கையில.”

தங்கமுத்து கையில் இருந்த சுண்ணாம்பைக்கூடக் கழுவவில்லை. சீட்டை மடியில் செருகிக்கொண்டு ரயிலடிக்குப் போனான்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு பூட்டுப் பட்டறைகள். விடிந்தால் சுத்தியல், இருட்டினால்தான் நிற்கும். பேசுகிறவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். டாக்டர் போன கையோடு நான் எதிர் வீட்டுக்குப் போனேன். பொம்மையன் பூட்டின் வயிற்றுத் தகட்டை உருக்கட்டையில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, தூக்கின சுத்தியல் இறங்கவே இல்லை. அப்படியே மெதுவாக, கோழிக்குஞ்சைத் தரையில் விடுவது மாதிரி அதைச் சாக்கின் மேல் வைத்தார்.

“எம்புட்டு நேரத்துக்குத் தாயி?”

“தெரியலண்ணே.”

“தெரியாட்டி இருந்துட்டுப் போகுது” என்றவர் பட்டறைப் பையன் பக்கம் திரும்பினார். “ஏலே அழகரு, அடுத்த பட்டறையில போயிச் சொல்லு. கத்திச் சொல்லாத, காதுல சொல்லு.”

அவருடைய சம்சாரம் மாயம்மாள் என் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆத்தூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். போகும்போது எங்கள் சேவலையும் கூடையில் போட்டுக் கொண்டுபோனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்தத் தெரு கண்டதில்லை. கிணற்று உருளைக்கு யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள். ஜட்கா வண்டிக்காரர் தெருமுனையிலேயே குதிரையை அவிழ்த்துக் கையில் பிடித்து நடத்திப் போனார். கீரைக்காரி கூவாமல் வீடு வீடாக எட்டிப் பார்த்துப் போனாள். ஆட்கள் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் சைகையில்தான் பேசினார்கள். அப்படிப் பேசிப் பழக்கமில்லாததால் பாதி விளங்காமல் ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

உள்ளே நானும் மதினியும். கோணியைத் தண்ணீரில் நனைத்து சன்னலில் கட்டியிருந்தோம். பருத்தித் துணியைப் பாலில் நனைத்துப் பல்லிடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி வழியும். இழுப்பு வரும்போது இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், தொடக் கூடாது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. மதினி தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு நினைவு தப்பவே இல்லை. ஒரு தடவை பல்லைத் திறக்காமல் ஏதோ சொன்னார். குனிந்தேன்.

“பொம்மையன்... வேல செய்யல?”

“இல்லீங்க. உங்களுக்காக நிறுத்தி வச்சிருக்காரு.”

“சோம்பேறிக்கு... ஒரு சாக்கு.”

மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால், பாங்கு சொல்கிற பள்ளிவாசல் மோதினார் வந்தார். எங்கள் பள்ளியில் அப்போது ஒலிபெருக்கி கிடையாது. இருந்தாலும் அவருக்கு நல்ல குரல், தெருக்கோடி வரை கேட்கும். “பாங்கு சத்தத்துக்கு இழுப்பு வருமாம்மா? வேணும்னா கிழக்கால மூலையில நின்னு சொல்றேன்” என்றார். நான் உள்ளே போய்க் கேட்டேன். அவர் கண்ணை மூடித் திறந்து, சொல்லட்டும் என்று காட்டினார். பாங்கு ஒலித்தது. முடிகிற வரை அவருக்கு இழுப்பு வரவில்லை. அதற்கு நான் காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அது தேர்தல் நேரம். திங்கட்கிழமை காலை பெரிய தெருப் பக்கமிருந்து ஜீப் சத்தம் வந்தது. மேலே ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஓட்டுக் கேட்டுக்கொண்டு வருகிற ஜீப். சத்தம் ஒவ்வொரு வீடாக நெருங்கியது. உள்ளே அவருடைய விரல்கள் பாயைப் பிராண்டத் தொடங்கின. துப்பட்டி எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தலையில் ஒன்றுமில்லாமல் தெருமுனைக்கு ஓடி ஜீப்புக்கு முன்னால் நின்றேன். அதுவரை நான் பகலில் துப்பட்டி போடாமல் வாசற்படி தாண்டினது இல்லை. எனக்கு முன்னாலேயே பொம்மையன் அங்கே நின்று, ஒலிபெருக்கிப் பையனிடம் வாயில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, எதிர்க்கட்சியா?” என்றான் ஜீப்பில் இருந்தவன்.

“கட்சி எல்லாம் அப்பறம் பேசுவோம் தம்பி. வீட்டுல ஒரு உசுரு நூலுல நிக்கிது. கொழாய அமத்து.”

அவன் என்னைப் பார்த்தான். ஒலிபெருக்கியை அமர்த்தினான், எஞ்சினையும் அமர்த்தினான். நாலு பேர் இறங்கி ஜீப்பைக் கையால் தள்ளிக்கொண்டே தெருவைக் கடந்தார்கள். போகும்போது ஒரு நோட்டீஸ்கூட வீசவில்லை. நான் திரும்பி வந்தபோது மதினி துப்பட்டியோடு வாசலில் நின்றிருந்தார். அதை என் தலையில் போட்டுவிட்டார்.

தங்கமுத்து ஊசியோடு முந்தின நாள் மாலையே வந்துவிட்டான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ரயிலில் இடம் இருந்தும் உட்காரவில்லையாம். ஐஸ் பெட்டி ஆடக் கூடாது என்று நெஞ்சோடு அணைத்து நின்றுகொண்டே வந்திருக்கிறான். டாக்டர் முதலில் துளி மருந்தைத் தோலில் குத்திப் பார்த்துவிட்டு, பிறகு முழுவதும் போட்டார். திங்கட்கிழமை மத்தியானம் இழுப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தது. டாக்டர் நாடியைப் பிடித்துவிட்டு, “நல்ல குறிதான். இன்னைக்குப் பொழுது தாண்டட்டும்” என்றார். மதினி எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் குடித்தேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சன்னல் கோணி காய்ந்து போயிருந்ததால் தண்ணீர் தெளிக்க எழுந்தேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. காகம்கூடக் கத்தவில்லை. கிணற்றடியில் ஆள் இல்லை. நான் இன்னும் தண்ணீரைத் தெளிக்கவில்லை. இழுப்பு வந்தது. காரணம் ஒன்றுமே இல்லாமல் வந்தது. வளைந்த உடம்பு இறங்குவதற்காகக் காத்திருந்தோம், எப்போதும் போல. இறங்கிற்று. மூச்சு மட்டும் திரும்பவில்லை. நானும் மதினியும் தொடாமலே உட்கார்ந்திருந்தோம், தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. இனித் தொடலாம் என்று எங்களுக்கு வெகு நேரம் தோன்றவில்லை.

பிறகு மதினி கையைத் தொடைக்குக் கீழேயிருந்து எடுத்து, அவருடைய வாய் ஓரங்களைத் தடவித் தடவி அந்தச் சிரிப்பை இறக்கிவிட்டார்.

நான் வாசலுக்கு வந்தேன். தெரு முழுக்க ஆட்கள் என் முகத்தையே பார்த்தார்கள். “இனிமே பேசலாம்” என்றேன். யாரும் பேசவில்லை. ஜனாஸா எடுத்து அடக்கி, மூன்றாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்த பிறகு, நான் மதினியை அனுப்பிப் பொம்மையனை வேலையைத் தொடங்கச் சொன்னேன். அவர் சுத்தியலை எடுத்தார். ஒரு தடவை அடித்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள்தான் பட்டறை ஓடியது.

பாட்டிலில் மிச்சமிருந்த பட்டைத் தண்ணீரை மதினி சாக்கடையில் ஊற்றினார். பின்னாளில் விரலை அறுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் சோப்பும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்தேன். ஆணி, முள், கம்பி என்றால் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனேன். “இம்புட்டுக்காண்டி காயத்துக்கா?” என்று சிரித்தவர்களும் வந்தார்கள்.

நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்து வெளியே வந்ததும் நான் முதலில் போனது தோல் ஷாப்புக்கு. அவர் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த இடம், ஆனால் அதுவரை நான் உள்ளே போனதில்லை. தங்கமுத்து கூட வந்தான். வாசலை ஒட்டி ஒரு கிணறு. அதைத் தாண்டி உப்புக் கிடங்கு, பட்டை இடிக்கிற கொட்டகை, சுண்ணாம்புக் குழிகள், தோல் காயப் போடுகிற களம். எல்லாவற்றுக்கும் கடைசியில் தொட்டிகள். நடந்து நடந்து எனக்கு மூச்சு வாங்கிற்று.

“காலு கழுவணும்னா?” என்று கேட்டேன்.

“வாசலுக்குத்தான் தங்கச்சி வரணும். தொட்டித் தண்ணிதான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு” என்றான்.

முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் போட வேண்டும் என்றேன். “போட்டுரலாம்மா, கண்டிப்பா” என்றார். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே, சதை சீவுகிற ஒருவருக்குக் கத்தி வழுக்கி உள்ளங்கையில் வெட்டிவிட்டது. அவர் தொட்டியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் நின்றதால் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வழியெல்லாம் ரத்தம் சொட்டியது.

அந்த ஷாப்பு இப்போது மூன்றாவது கைக்கு மாறியிருக்கிறது. தொட்டிகளுக்குச் சிமெண்ட் பூசி, மேலே தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். குழாய் வரவில்லை. கிணறு இன்னும் வாசலில்தான் இருக்கிறது.